நாட்டுக்கான மருத்துவ ஆராய்ச்சி முன்னுரிமைகளை வகுப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

மருத்துவ ஆராய்ச்சிக்குத் தேவையான அளவு பணம் எந்த நாட்டிலும் இருந்ததில்லை. எதை முதலில் ஆராய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று யாராவது முடிவு செய்துதான் ஆக வேண்டும். அரசு உட்கார்ந்து முடிவெடுக்காவிட்டாலும் முடிவு நடந்துவிடும். நிதி விண்ணப்பம் எழுதுவதில் கைதேர்ந்த பெரிய நிறுவனங்கள், வெளிநாட்டு நிதியாளர்கள், மருந்து நிறுவனங்கள், அந்த ஆண்டு செய்திகளில் அதிகம் அடிபட்ட நோய் என எல்லாம் சேர்ந்து அந்த முடிவை எடுத்துவிடும். அதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், காரணம் கேட்டால் சொல்லவும் ஆள் இருக்காது.

இதன் விளைவை 1990இல் வெளியான ஓர் அறிக்கை எண்களில் காட்டியது. வளர்ச்சிக்கான சுகாதார ஆராய்ச்சி ஆணையம் தயாரித்த அறிக்கை அது. தடுத்திருக்கக்கூடிய இறப்புகளின் சுமையில் 93% வளரும் நாடுகளில் இருந்தது. ஆனால் 1986இல் உலகம் முழுவதும் சுகாதார ஆராய்ச்சிக்குச் செலவான சுமார் 3,000 கோடி டாலரில், அந்த நாடுகளின் பிரச்சினைகளுக்கென்று போனது சுமார் 160 கோடி டாலர்தான், அதாவது 5%. எவ்வளவு ஏழை நாடாக இருந்தாலும் தனக்கான ஆராய்ச்சித் திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆணையம் வலியுறுத்தியது.

இப்படிப்பட்ட பணி உங்கள் கைக்கு வந்தால் எங்கே தொடங்கி எப்படிக் கொண்டுபோவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். சுகாதாரத் துறை அதிகாரிகள், ஆராய்ச்சி நிதி நிறுவனங்களில் இருப்பவர்கள், குழுவில் உறுப்பினராக அழைக்கப்பட்ட மருத்துவர்கள், நோயாளிகளின் அமைப்புகளை நடத்துபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நோய்களின் பட்டியல் என்பது முன்னுரிமை ஆகாது. "புற்றுநோய், நீரிழிவு, மனநலம், தொற்றுநோய்கள், முதுமை" என்று எழுதப் பத்து நிமிடம் போதும். அந்தத் தலைப்புகளுக்குள் எந்த ஆய்வையும் நுழைத்துவிடலாம். எந்த விண்ணப்பத்தையும் மறுக்க உதவாத பட்டியல் எதையும் முதன்மைப்படுத்தவில்லை என்றுதான் அர்த்தம். பதில் தேடக்கூடிய கேள்விகளாக எழுதப்பட்டு, பணத்தோடு இணைக்கப்பட்டு, விட்டுப்போனவை எவை, ஏன் விட்டுப்போயின என்பதையும் சொல்லும் ஆவணத்தைத்தான் முன்னுரிமைத் திட்டம் என்று நான் ஏற்றுக்கொள்வேன். கீழே உள்ள எல்லாப் படிகளும் அதை நோக்கியே போகின்றன.

படி 1: யார் கேட்டார்கள், யாருடைய பணம், எத்தனை ஆண்டுகளுக்கு?

கூட்டம் கூட்டுவதற்கு முன்பே இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். பெரும்பாலான முன்னுரிமைத் திட்டங்கள் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம் மோசமான வழிமுறை அல்ல. பணத்தைக் கையில் வைத்திருப்பவர் தொடக்கத்திலிருந்தே அந்த அறையில் இல்லை என்பதுதான். சுகாதார அமைச்சகம் பட்டியல் போடும். ஆராய்ச்சி நிதியோ அறிவியல் துறையிடம் இருக்கும். இரண்டு துறைகளும் பேசிக்கொள்ளாவிட்டால் பட்டியல் வெறும் அறிக்கையாகவே நின்றுவிடும்.

ஆஸ்திரேலியா இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. 2015இல் வந்த மருத்துவ ஆராய்ச்சி எதிர்கால நிதிச் சட்டத்தின்படி, ஓர் ஆலோசனை வாரியம் ஐந்தாண்டுக்கு ஒரு முறை உத்தியையும் இரண்டாண்டுக்கு ஒரு முறை முன்னுரிமைகளையும் வகுக்க வேண்டும். அமைச்சர் நிதி ஒதுக்கும்போது அந்த முன்னுரிமைகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். நோய்ச்சுமை, முடிந்தவரை அதிகம் பேருக்கு நடைமுறைப் பலன், செலவிடும் பணத்துக்கு ஏற்ற பயன், மற்ற நிதிகளோடு மோதாமல் அவற்றுக்குத் துணையாக இருப்பது ஆகியவற்றை வாரியம் பார்க்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பின்னால் நிற்கும் மூலதன நிதி 2,000 கோடி ஆஸ்திரேலிய டாலர். எல்லா நாடுகளாலும் இவ்வளவு பெரிய நிதியை உருவாக்க முடியாது. ஆனால் பட்டியலுக்கும் பணத்துக்கும் இடையே சட்டத் தொடர்பு ஏற்படுத்துவதற்குப் பணக்கார நாடாக இருக்கத் தேவையில்லை.

எனவே நிதியைக் கையாளும் ஒவ்வொரு துறையிடமிருந்தும் ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். "இந்தப் பணி முடிந்ததும், எங்கள் புதிய ஆராய்ச்சி நிதியில் இத்தனை சதவீதத்தை இந்தக் கேள்விகளுக்கு ஒதுக்குவோம்" என்று அதில் இருக்க வேண்டும். தொடக்கத்தில் 20% என்று ஒப்புக்கொண்டாலும் பரவாயில்லை. எண்ணே இல்லாத ஆதரவுக் கடிதத்தை நம்பி வேலையைத் தொடங்காதீர்கள்.

கால அளவு ஐந்து ஆண்டு என்பது பொதுவாகச் சரியாக வரும். அதைவிடக் குறைந்தால் ஆய்வுகள் முடியாது, பத்தாண்டு என்றால் நிலைமையே மாறிவிடும். தயாரிப்பு வேலைக்கு மட்டும் ஓராண்டிலிருந்து ஒன்றரை ஆண்டு ஒதுக்குங்கள். மூன்று மாதத்தில் முடிக்கச் சொன்னால், வரம்பைச் சுருக்கித் தாய்சேய் நலம் போன்ற ஒரே துறைக்கு மட்டும் செய்து தருகிறோம் என்று சொல்லுங்கள். நாடு முழுவதுக்கும் எல்லாத் துறைக்கும் மூன்று மாதத்தில் செய்வது என்பது நடக்காத காரியம்.

படி 2: குழுவை அமைப்பது

இரண்டு குழுக்கள் தேவை. அன்றாட வேலையைப் பார்க்க நான்கைந்து முழுநேரப் பணியாளர்கள் கொண்ட சிறிய செயலகம் ஒன்று. முடிவுகளுக்குப் பொறுப்பேற்கும் பதினைந்து இருபது பேர் கொண்ட வழிநடத்தும் குழு இன்னொன்று. செயலகத்தில் ஒரு நோய்ப்பரவலியலாளரும் ஆய்வுகளைத் தேடித் தொகுக்கத் தெரிந்த ஒரு நூலகரும் கட்டாயம் இருக்கட்டும். நூலகர் எதற்கு என்று கேட்பார்கள். மூன்றாம் படிக்கு வரும்போது காரணம் புரியும்.

வழிநடத்தும் குழுவில் மூத்த பேராசிரியர்களை மட்டும் நிரப்புவதுதான் வழக்கம். அவர்கள் அறிவாளிகள், நேர்மையானவர்கள், ஆனால் தங்கள் துறைதான் நாட்டின் பெரிய பிரச்சினை என்று மனதார நம்புபவர்கள். நோயோடு வாழ்பவர்களின் கேள்விகள் வேறாக இருக்கும். மூட்டுத் தேய்மானம் பற்றி 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது. அதுவரை நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி மருந்துகளைப் பற்றியது. நோயாளிகளிடம் கேட்டபோது மருந்தாய்வு வேண்டும் என்றவர்கள் மிகச் சிலர்தான். மூட்டு மாற்று அறுவையை மதிப்பிடுங்கள், இந்த நோயோடு எப்படி வாழ்வது என்பதற்கு நல்ல ஆலோசனை எது என்று கண்டுபிடியுங்கள் என்றுதான் பலரும் கேட்டார்கள்.

பிரிட்டனில் 2004இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணி இந்தப் பிரச்சினையைத் தீர்க்கவே ஒரு முறையை உருவாக்கியது. ஒரு நோயோடு வாழ்பவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், சிகிச்சை அளிப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பும் சமமாக உட்கார்ந்து முதல் பத்துக் கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிகிச்சை அளிக்காத ஆய்வாளர்களுக்கும் மருந்து நிறுவனங்களுக்கும் அங்கே வாக்கு இல்லை. தேசிய அளவில் ஆய்வாளர்களை முழுதாக விலக்க முடியாது. ஆனால் வாக்குரிமை யாருக்கு, தகவல் தரும் பொறுப்பு மட்டும் யாருக்கு என்று பிரிப்பதை அங்கிருந்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

நோயாளிகளை அழைக்கும்போது ஒரே ஒருவரை அழைக்காதீர்கள். இருபது நிபுணர்கள் நடுவே தனியாக உட்காரும் ஒருவர் வாய் திறப்பது கடினம். குறைந்தது நான்கு பேர் இருக்கட்டும். அவர்களுக்குப் பயணச் செலவு மட்டுமல்ல, வேலையை விட்டு வந்த நாளுக்கான ஊதியமும் கொடுங்கள். கூட்ட ஆவணங்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். அமைப்பே இல்லாத நோயாளிகளையும் தேடிப் போக வேண்டும். சில நோய்களுக்குப் பிரபலங்களின் ஆதரவும் வலுவான சங்கங்களும் உண்டு. பாம்புக்கடி பட்டவர்களுக்கும், குறைமாதக் குழந்தையை இழந்த தாய்மாருக்கும் அப்படிப்பட்ட சங்கங்கள் அரிது. இவர்களுக்காகப் பேச ஒருவரைக் குழுவில் வைப்பது உங்கள் கடமை.

யாருக்கு எந்த நிறுவனத்தோடு பண உறவு இருக்கிறது என்பதை எல்லோரும் எழுதிக் கொடுக்க வேண்டும், அது பொதுவில் வெளியாக வேண்டும். இதில் எந்த விதிவிலக்கும் கூடாது.

படி 3: மூன்று தகவல்களைத் திரட்டுவது

என்ன நோய்ச்சுமை இருக்கிறது? இப்போது எதை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்? எதற்கு ஏற்கெனவே பதில் தெரியும்? மூன்றும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகும். முதல் கேள்வியோடு நின்றுவிடுபவர்கள்தான் அதிகம்.

நோய்ச்சுமையை அளக்க இன்று பரவலாகப் பயன்படும் அலகு டாலி. அகால மரணத்தால் இழந்த ஆண்டுகளையும், நோயோடும் ஊனத்தோடும் கழித்த ஆண்டுகளையும் கூட்டிச் சொல்வது அது. 1993இல் உலக வங்கியின் அறிக்கை மூலம் பரவலாக அறிமுகமானது. இறப்புக் கணக்கை மட்டும் பார்த்தால் முதுகுவலி, மனச்சோர்வு, காது கேளாமை எல்லாம் கண்ணுக்கே தெரியாது. டாலியில் அவையும் தெரியும். அதனால் பயன்படுத்துங்கள். ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்வோம். கிராமத்தில் கடிபட்டு வீட்டிலேயே இறந்தவர் மருத்துவமனைப் பதிவேட்டில் வரமாட்டார். இந்தியாவில் வீடு வீடாகச் சென்று இறப்புக் காரணத்தை விசாரித்த பெரிய ஆய்வின் அடிப்படையில் 2020இல் ஒரு மதிப்பீடு வெளியானது. 2000 முதல் 2019 வரை சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்றது அது. உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்ததே 2017இல்தான். ஏழைகளின் நோய்கள் எண்ணப்படுவதில்லை, எண்ணப்படாததால் முன்னுரிமை பெறுவதில்லை, முன்னுரிமை இல்லாததால் எண்ணுவதற்கும் நிதி வருவதில்லை. இந்தச் சுற்றை உடைக்க ஒரு வழி உண்டு. தரவு மோசமாக உள்ள நோய்களைத் தனிப் பட்டியலில் போடுங்கள். "இதன் சுமை உண்மையில் எவ்வளவு?" என்பதையே ஓர் ஆராய்ச்சிக் கேள்வியாக அடுத்த படிக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது தகவல், நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் வரைபடம். இங்கேயும் பிரிட்டனிடம் கற்றுக்கொள்ளலாம். அங்கே முக்கிய நிதி நிறுவனங்கள் தங்கள் ஆய்வுகளை ஒரே வகைப்பாட்டில் பதிவு செய்கின்றன. எந்த நோய் என்பதற்கு 21 பிரிவுகள், எந்த வகை ஆய்வு என்பதற்கு எட்டுத் தொகுதிகள். 2004-05ஆம் ஆண்டுக் கணக்கை முதன்முறையாக இப்படி அடுக்கிப் பார்த்தபோது, நோய்த்தடுப்பு ஆராய்ச்சிக்குப் போனது மொத்தத்தில் சுமார் 2.5% மட்டுமே என்று தெரிந்தது. அடுத்த பத்தாண்டில் அது ஏறக்குறைய இரட்டிப்பானது. உங்கள் நாட்டிலும் கடந்த ஐந்தாண்டில் நிதி பெற்ற ஆய்வுகளின் பட்டியலை வாங்கி, தலைப்பையும் சுருக்கத்தையும் படித்து வகைப்படுத்துங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இந்த முழுப் பணியிலும் மிக அதிகமான வாய்களை அடைக்கும் அட்டவணை இதிலிருந்துதான் வரும்.

மூன்றாவது, ஏற்கெனவே தெரிந்தவை. மருத்துவ ஆராய்ச்சிக்குச் செலவாகும் பணத்தில் 85% வீணாகிறது என்று 2009இல் இயன் சால்மர்ஸ், பால் கிளாசியூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். தவறான கேள்வி, மோசமான வடிவமைப்பு, வெளியிடப்படாத முடிவு, பயன்படுத்த முடியாதபடி எழுதப்பட்ட அறிக்கை என்று ஒவ்வொரு கட்டத்திலும் கசிகிறது. பதில் தெரிந்த கேள்வியை மறுபடி கேட்பதும் இதில் ஒன்று. நூலகர் தேவை என்று சொன்னது இதனால்தான். ஒவ்வொரு தலைப்பிலும் வந்துள்ள முறையான மீளாய்வுகளை, அதாவது ஒரு கேள்விக்கான எல்லா ஆய்வுகளையும் திரட்டி எடைபோடும் தொகுப்புகளை, அவர் தேடி எடுத்தால்தான் எது உண்மையான இடைவெளி என்று தெரியும்.

படி 4: கேள்விகளைத் திரட்டுவது

இப்போது கதவைத் திறந்துவிட வேண்டும். நெதர்லாந்து 2015இல் தன் தேசிய அறிவியல் திட்டத்துக்காக மக்களிடம் கேள்விகள் கேட்டபோது சுமார் 11,700 வந்தன. அவற்றை 140 தொகுதிகளாகச் சுருக்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐசிஎம்ஆர்) இன்க்ளென் என்ற ஆராய்ச்சி அமைப்பும் இந்தியாவில் தாய்சேய் நலம், ஊட்டச்சத்து குறித்து நடத்திய பணியில் 256 நிறுவனங்களின் நிபுணர்களிடமிருந்து 4,000க்கும் மேற்பட்ட ஆய்வு யோசனைகள் கிடைத்தன. எண்ணிக்கையைப் பார்த்து மிரள வேண்டாம். பாதிக்கு மேல் ஒன்றையே வேறுவேறு சொற்களில் கேட்பவையாக இருக்கும்.

மக்களிடமிருந்து வருவது ஆராய்ச்சிக் கேள்வி வடிவத்தில் இருக்காது. "மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்?", "ஏன் இவ்வளவு தூரம் அலைய வேண்டியிருக்கிறது?" என்றுதான் இருக்கும். அதைத் தரக்குறைவாக நினைக்காதீர்கள். அதிலிருந்து கேள்வியை உருவாக்குவது செயலகத்தின் வேலை. "ரத்த அழுத்தம் இரண்டாண்டு கட்டுக்குள் இருக்கும் முதியவர்களுக்கு மருந்தின் அளவைப் படிப்படியாகக் குறைத்தால், பக்கவாத ஆபத்து கூடுகிறதா?" என்று மாற்றலாம். யாருக்கு, என்ன செய்தால், எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவு என்ற நான்கும் கேள்விக்குள் இருக்கட்டும். பிறகு, முடிந்தால், கேள்வி அனுப்பியவரிடமே காட்டி "நீங்கள் கேட்டது இதுதானா?" என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றி எழுதும்போது நோயாளியின் கவலை நழுவி நிபுணரின் ஆர்வம் உள்ளே நுழைவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

அப்புறம் ஒவ்வொரு கேள்வியையும் நான்கு வகைகளில் ஒன்றில் போடுங்கள்: பிரச்சினையை அளப்பது, இருக்கும் சிகிச்சையை எல்லோருக்கும் கொண்டுசேர்ப்பது, இருப்பதை மேம்படுத்துவது, புதிதாகக் கண்டுபிடிப்பது. இது வெறும் வகைப்பாட்டு வேலை என்று தோன்றும். ஆனால் பணம் எங்கே சாய்கிறது என்பது இங்கேதான் வெளிச்சமாகும். குழந்தை இறப்பு தொடர்பான நிதியுதவிகளை 2007இல் ஆராய்ந்தவர்கள், இரண்டு பெரிய நிதி நிறுவனங்கள் தந்த நிதியுதவிகளில் 97% புதிய தொழில்நுட்பங்களை உருவாக்கவே போனதைக் கண்டார்கள். அவை வெற்றி பெற்றால் குழந்தை இறப்பு 22% குறையும். ஏற்கெனவே கையில் இருக்கும் வழிகளை முழுதாகப் பயன்படுத்தினால் அதைப் போல மூன்று மடங்கு குறையும். கொண்டுசேர்ப்பது எப்படி என்ற ஆராய்ச்சிக்குப் புகழ் கிடைப்பதில்லை, அதைச் செய்ய முன்வருபவர்களும் குறைவு. அதனால்தான் முன்னுரிமைத் திட்டம் அதைக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது.

பதில் ஏற்கெனவே தெரிந்த கேள்விகளை இந்தக் கட்டத்திலேயே எடுத்துவிடுங்கள். குப்பையில் போடாமல், "இது ஆராய வேண்டியதல்ல, செய்ய வேண்டியது" என்ற தலைப்பில் சுகாதாரத் துறைக்குத் தனிப் பட்டியலாக அனுப்புங்கள். சில நேரம் அந்தப் பட்டியலால் கிடைக்கும் நன்மை மூலத் திட்டத்தின் நன்மையை விடப் பெரிதாக இருக்கும்.

படி 5: அளவுகோல்கள், மதிப்பெண்கள்

கேள்விகளை மதிப்பிடுவதற்கு முன்பே அளவுகோல்களை முடிவு செய்து வெளியிட்டுவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலை மாற்றினால் மொத்தப் பணியும் நம்பிக்கை இழக்கும்.

நாடுகளும் நிறுவனங்களும் அதிகம் பயன்படுத்தும் முறை சைல்ட் ஹெல்த் அண்ட் நியூட்ரிஷன் ரிசர்ச் இனிஷியேட்டிவ் உருவாக்கியது. சுருக்கமாக சென்ரி முறை என்று சொல்லலாம். அதன் ஐந்து அளவுகோல்கள் இவை: இந்தக் கேள்விக்கு ஆய்வின் மூலம் பதில் காண முடியுமா? கண்டால் அது பலன் தரும் தலையீடாக, அதாவது சிகிச்சையாகவோ தடுப்பு நடவடிக்கையாகவோ மாறுமா? அந்தத் தலையீட்டை மக்களிடம் கொண்டுசேர்க்க முடியுமா? நோய்ச்சுமை எந்த அளவு குறையும்? ஏற்றத்தாழ்வு குறையுமா?

ஒவ்வொரு நிபுணரும் தனியாக, மற்றவர்களோடு பேசாமல், ஒவ்வொரு கேள்விக்கும் மதிப்பெண் போடுவார். ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, உறுதியில்லை என்றால் 0.5, தனக்கு அந்த விஷயம் தெரியாது என்றால் காலியாக விடலாம். எடுத்துக்காட்டாக, 24 பேரில் 4 பேர் காலியாக விட்டார்கள், 16 பேர் ஆம், 2 பேர் இல்லை, 2 பேர் உறுதியில்லை என்றால், 17ஐ 20ஆல் வகுத்து 85 என்று வரும். ஐந்து அளவுகோல்களின் சராசரியே அந்தக் கேள்வியின் மதிப்பெண். தெரியாது என்று சொல்ல அனுமதிப்பதும், சத்தமாகப் பேசுபவர் மற்றவர்களை மாற்றிவிட முடியாமல் தனித்தனியாகப் போட வைப்பதும் இந்த முறையின் பெரிய பலம்.

ஐந்து அளவுகோல்களில் எதற்கு எவ்வளவு வெயிட்டேஜ், அதாவது கூடுதல் மதிப்பு என்பதை நிபுணர்கள் முடிவு செய்யக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பதில் காண முடியுமா என்பது அறிவியல் கேள்வி, அதை நிபுணர்கள் சொல்லலாம். மொத்தப் பலன் பெரிதா, ஏழைகளுக்கு முதலில் போய்ச்சேருவது பெரிதா என்பது சமூகத்தின் மதிப்பீடு. அதைப் பொதுமக்கள், நோயாளிகள், களப்பணியாளர்கள் அடங்கிய தனிக் குழு சொல்லட்டும். சென்ரி முறையிலும் இதற்கு இடம் இருக்கிறது. பலர் நேரம் இல்லை என்று தவிர்த்துவிடுகிறார்கள். வெயிட்டேஜ் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இடம் மாறும் கேள்விகளைப் பற்றித்தான் உண்மையான விவாதம் நடக்க வேண்டும்.

எண்களை வழிபடவும் வேண்டாம். 78.4 பெற்ற கேள்வி 77.9 பெற்றதைவிட முக்கியமானது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. மேல், நடு, கீழ் என்று மூன்று அடுக்குகளாகப் பிரித்தால் போதும். நிபுணர்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போனார்கள் என்ற அளவையும் பக்கத்தில் போடுங்கள்.

படி 6: முடிவெடுக்கும் கூட்டம்

மேல் அடுக்கிலும் நடு அடுக்கின் விளிம்பிலும் இருக்கும் நாற்பது ஐம்பது கேள்விகளோடு இரண்டு நாள் கூட்டம் நடத்துங்கள். அந்தத் துறையோடு தொடர்பில்லாத ஒருவர் நடத்தட்டும். சிறு குழுக்களாகப் பிரிந்து, முதலில் ஒவ்வொருவரும் தன் வரிசையைச் சொல்லி, பிறகு விவாதித்து, மறுபடி வரிசைப்படுத்தி, குழுக்களைக் கலைத்து மீண்டும் அமைத்து இன்னொரு முறை செய்யுங்கள். ஒரு மூத்தவர் பேசியதும் எல்லோரும் தலையாட்டும் நிலையை இது பெரும்பாலும் தடுக்கும்.

இரண்டு விஷயங்களை மட்டும் இந்தப் போட்டிக்கு வெளியே வையுங்கள். ஒன்று, அடிப்படை அறிவியல். கொண்டுசேர்க்க முடியுமா, நோய்ச்சுமை குறையுமா என்று கேட்டால் அது ஒவ்வொரு முறையும் தோற்றுவிடும். கேட்டலின் கரிகோவும் டிரூ வைஸ்மனும், புரதம் தயாரிக்கும்படி செல்லுக்குச் செய்தி கொண்டுபோகும் எம்ஆர்என்ஏ மூலக்கூறில் செய்த மாற்றம் பற்றிய கட்டுரை 2005இல் வந்தது. கொரோனா தடுப்பூசிகளுக்கு அது வழிவகுத்தது, 2023இல் நோபல் பரிசும் கிடைத்தது. அன்று எந்த நாட்டின் முன்னுரிமைக் குழுவும் அதை முதல் பத்துக்குள் வைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆகவே ஆய்வாளர்களின் சொந்த ஆர்வத்துக்கென ஒரு பங்கை ஒதுக்கி, அதைத் தரத்தின் அடிப்படையில் மட்டும் கொடுங்கள்.

மற்றொன்று அவசரகாலம். உலக சுகாதார நிறுவனம் அவசர ஆராய்ச்சி தேவைப்படும் தொற்றுகளின் பட்டியலில் 2018இல் 'நோய் எக்ஸ்' என்ற பெயரைச் சேர்த்தது. இன்னும் அறியப்படாத ஒரு கிருமியைக் குறிக்கும் இடம் அது. உங்கள் திட்டத்திலும் அப்படியொரு காலி இடமும், அதற்கென்று தொடாமல் வைத்த பணமும் வேண்டும்.

படி 7: வரைவை வெளியிட்டு மேல்முறையீடு கேட்பது

வரைவை எட்டு வாரம் பொதுவில் வையுங்கள். தேர்வான கேள்விகள் மட்டும் போதாது. தேர்வாகாத ஒவ்வொன்றும் எந்த அளவுகோலில் பின்தங்கியது என்பதும் அதில் இருக்க வேண்டும். தன் குழந்தையின் அரிய நோய் பட்டியலில் இல்லை என்று பார்க்கும் பெற்றோருக்கு அந்த ஒரு வரிக் காரணம் நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை. மேல்முறையீடு எந்த அடிப்படையில் ஏற்கப்படும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்: புதிய சான்று, கணக்குப் பிழை, அல்லது ஒரு தரப்பே விடுபட்டது. வேறு துறைக்கு அதிகம் கிடைத்துவிட்டது என்பது காரணம் ஆகாது.

படி 8: பணமும் ஆட்களும்

ஒவ்வொரு முன்னுரிமைக் கேள்விக்கும் எதிரே நான்கு கட்டங்கள் நிரப்பப்பட வேண்டும். எந்தத் துறை நிதி தரும்? எப்போது விண்ணப்பம் கேட்கும்? யார் செய்யக்கூடும்? பதில் வந்தால் யார் அதைப் பயன்படுத்துவார்? கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் கேள்வியை நான் பட்டியலில் விடமாட்டேன்.

எவ்வளவு பணம் என்பதற்கு 1990 ஆணையமே ஓர் அளவு தந்தது. தேசிய சுகாதாரச் செலவில் 2%ஐ ஆராய்ச்சிக்கும் ஆராய்ச்சித் திறனை வளர்ப்பதற்கும் செலவிட வேண்டும், நிதியுதவி அமைப்புகள் சுகாதாரத் திட்ட உதவியில் 5%ஐ இதற்கு ஒதுக்க வேண்டும் என்றது. நிதி அமைச்சகத்தோடு பேசும்போது இந்த எண்கள் கை கொடுக்கும்.

செய்ய ஆள் இல்லை என்பது பல நாடுகளில் பணத்தைவிடப் பெரிய தடை. மேல் அடுக்கில் பத்துக் கேள்விகளுக்குச் சிகிச்சைகளை நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சோதிக்கும் மருத்துவப் பரிசோதனை தேவைப்படுகிறது, நாட்டிலோ அதை வடிவமைக்கத் தெரிந்த புள்ளியியலாளர்கள் மூன்று பேர் என்றால், பயிற்சியும் முன்னுரிமைத் திட்டத்தின் ஒரு வரியாக வேண்டும். மாநிலங்கள், மாகாணங்கள் என்று பிரிந்திருக்கும் நாடுகளில் திறன் எல்லாம் தலைநகரத்திலேயே குவிந்திருக்கும். பிலிப்பைன்ஸ் 2013இல் தன் தேசிய சுகாதார ஆராய்ச்சி அமைப்புக்குச் சட்ட அடிப்படை கொடுத்தது, மண்டல அளவில் ஆலோசனை நடத்தி அங்கிருந்து தேசியத் திட்டத்தைக் கட்டுகிறது. பிரேசில் 2004இல் 24 துணைத் திட்டங்களோடு தேசிய முன்னுரிமைகளை ஏற்று, அவற்றின் அடிப்படையில் சுகாதார அமைச்சகமும் அறிவியல் அமைச்சகமும் சேர்ந்தே நிதி அழைப்புகளை விடுத்தன.

முன்னுரிமையை நடைமுறையோடு இறுகக் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு கொரோனா சிகிச்சைகளைச் சோதிக்க 2020இல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி பரிசோதனையைப் பாருங்கள். கொரோனா நோயாளிகளைத் தேசிய முன்னுரிமை பெற்ற சில பரிசோதனைகளில் சேர்க்கும்படி தலைமை மருத்துவ அதிகாரிகளே எல்லா மருத்துவமனைகளுக்கும் எழுதினார்கள். மார்ச்சில் தொடங்கிய பரிசோதனையில் ஜூனுக்குள் 11,500க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். மலிவான, பழைய மருந்தான டெக்சாமெத்தசோன், செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று தெரிந்தது. அதே மாதங்களில் உலகம் முழுவதும் எத்தனையோ சிறு பரிசோதனைகள், எந்தப் பதிலும் சொல்ல முடியாத அளவு குறைந்த ஆட்களோடு நடந்துகொண்டிருந்தன.

ஆராய்ச்சிப் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வரும் நாடுகளுக்கு ஓர் எளிய வழி உண்டு. ஆய்வுக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் ஒரே ஒரு வரியைச் சேருங்கள்: "இந்த ஆய்வு நாட்டின் எந்த முன்னுரிமைக் கேள்விக்குப் பதில் தருகிறது?" எதற்கும் இல்லை என்ற பதிலுக்காகத் தடை செய்ய வேண்டியதில்லை. அந்தப் பதில்களை ஆண்டுதோறும் எண்ணி வெளியிட்டால், அடுத்த முறை நிதியாளர்களோடு பேசும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

படி 9: கண்காணித்தல்

முதல் ஆண்டிலிருந்தே மூன்றை மட்டும் அளந்து வாருங்கள். புதிய நிதியில் எத்தனை சதவீதம் பட்டியலிலுள்ள கேள்விகளுக்குப் போனது, எத்தனை கேள்விகளுக்கு யாருமே விண்ணப்பிக்கவில்லை, எத்தனை முடிவுகள் சிகிச்சை வழிகாட்டுதலிலோ கொள்கையிலோ இடம்பெற்றன. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தரும் நிதியை நோய்ச்சுமையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1999இல் வந்தது. எய்ட்ஸ், மார்பகப் புற்றுநோய், நீரிழிவு, மறதிநோய் ஆகியவை சுமையைவிட அதிகமாகவும், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், பிறப்பையொட்டிய சிக்கல்கள், வயிற்றுப்புண் ஆகியவை குறைவாகவும் பெற்றிருந்தது தெரிந்தது. இத்தகைய ஒப்பீட்டை நாட்டுக்குள்ளேயே, அரசைச் சாராத ஒரு பல்கலைக்கழகக் குழுவிடம் கொடுத்து இரண்டாண்டுக்கு ஒரு முறை செய்ய வையுங்கள்.

யாருமே விண்ணப்பிக்காத கேள்விகளைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கேள்வி சரியில்லையா, பணம் போதவில்லையா, அதைச் செய்யும் திறனுள்ளவர்கள் இல்லையா என்று விசாரியுங்கள். அனுபவத்தில் பெரும்பாலும் மூன்றாவதாகத்தான் இருக்கும். அப்போது அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்து நீக்காமல், அதற்கென ஆட்களைத் தயார்செய்யும் நிதியழைப்பாக மாற்றி வெளியிடுங்கள். ஒரு கேள்வி பட்டியலைவிட்டு வெளியேற மூன்று காரணங்களை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம்: பதில் கிடைத்துவிட்டது, வேறு நாட்டில் கிடைத்த பதில் இங்கும் பொருந்துகிறது என்று சரிபார்த்தாயிற்று, அல்லது பிரச்சினையே தேய்ந்துவிட்டது. எந்தக் காரணம் என்பதையும் தேதியையும் அதே பொதுப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள், அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்தைத் தயாரிக்க வருபவர்கள் முதலில் படிக்க வேண்டிய ஆவணம் அதுதான்.